வாவி நடுவே ஒரு தங்கிடம்

அறியாத நகரொன்றுக்குப் போகின்றவன் முதன்முதலாக வினவுவது யாது? கோயில் எங்கே, கடைத்தெரு எங்கே என்பன பின்னர் எழும் வினாக்கள். தலைச்சுமையை இறக்கி வைக்க ஓர் இடம் எங்கே என்பதுதான் முதல் வினா. அவ்விடமும் ஊருக்கு நடுவிலே இருத்தல் வேண்டும். நடந்து போய்க் காரியம் பார்த்துப் பொழுது சாயுமுன் திரும்பக்கூடிய தொலைவில் இருத்தல் வேண்டும். அயல்நாட்டு நகரொன்றில் நான்கு நாள் உலாவி வரச் செல்லும் இன்றைய பயணியும் இதனையே விரும்புகின்றார். பயணச் சீட்டுக்குச் செலவிடும் சிந்தனையிலும் தங்கிடத்துக்குச் செலவிடும் சிந்தனை அவருக்கு அதிகமாகின்றது.

தமிழருக்கு இது புதிய கவலை அன்று. சிலப்பதிகாரத்திலே கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரையை அடைந்து, மதிலுக்கு வெளியே உள்ள புறஞ்சேரியில் முதலில் தங்குகின்றனர். கோவலன் நகருள் சென்று பார்த்து மீண்டபின், மாடல மறையோனும் கவுந்தியடிகளும் அவனுக்கு ஓர் அறிவுரை கூறுகின்றனர். புறஞ்சேரி துறவறத்தார்க்கு உரிய இருக்கை. இல்லறத்தானாகிய வணிகனுக்கு அது பொருந்தாது. கதிரவன் மறையுமுன் மனைவியோடு நகருக்குள் புகுதல் வேண்டும் என்பது அவ்வறிவுரையின் கருத்து. அதன் பின்னரே மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் கண்ணகி அடைக்கலமாக ஒப்படைக்கப்படுகின்றாள். துறவிக்கு ஊரின் புறம், இல்லறத்தானுக்கு ஊரின் அகம் என்று தங்கிடத்துக்கு ஒரு வரம்பே வகுத்திருந்தனர் நம் முன்னோர்.

இந்த வரம்பை உள்ளத்திற் கொண்டு மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நாட்டின் வரலாற்றை நோக்கினால் ஒரு விந்தை புலப்படும். ஏனைய நகரங்களில் ஊரின் நடு எது என்பது முன்னரே அமைந்திருக்கும். வந்தவன் அதனைத் தேடிச் சென்று தங்குவான். மட்டக்களப்பிலோ வந்தவன் தங்கிய இடமே ஊருக்கு நடுவாயிற்று.

வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதற்குக் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. ஞாயிறு எழும் பக்கம். மேற்கே நெல்வயல்கள் பரந்த நிலம் படுவான்கரை. ஞாயிறு படும் பக்கம். எழுவான்கரையில் தென்னையும் மீனும் நெசவும். படுவான்கரையில் நெல்லும் பாலும் தேனும். இரண்டையும் பிணைத்தவை தோணிகள். வாவியின் வடபாகத்திலே, கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அணித்தாக, நாற்புறமும் நீர் சூழ்ந்து கிடக்கின்றது புளியந்தீவு. இன்று மட்டக்களப்பு நகர் என்றதும் நம் நினைவுக்கு வருவது இத்தீவே. ஆயினும் பழங்காலத்தில் அதிகாரத்தின் இருக்கை இங்கே இருக்கவில்லை. மட்டக்களப்பு என்ற பெயரே முற்காலத்தில் தெற்கே சம்மாந்துறைப் பக்கத்தைக் குறித்தது என்று ஆய்வாளர் பலர் கருதுவர். கோயில்களின் பெருமையும் கொக்கட்டிச்சோலை, மண்டூர், திருக்கோவில் என்று தெற்கிலும் மேற்கிலுமே பரந்து கிடந்தது.

1602ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள், யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தர் இக்கரையை அடைந்தார். ஒல்லாந்தில் இருந்து புறப்பட்டு ஓராண்டுக்கு மேல் கடலில் அலைந்து வந்தவர் அவர். இங்குள்ளோர் முதலில் அவரைப் போர்த்துக்கேயர் என்றே ஐயுற்றனர். வெள்ளைத் தோலும் பீரங்கியும் உடையவர் வேறு யாராக இருத்தல் கூடும்? ஐயம் தீர்ந்தபின் அவர் மலைநாட்டின் வழியே கண்டிக்குச் சென்று முதலாம் விமலதர்மசூரிய மன்னனைக் கண்டு உபசாரம் பெற்றார். தமக்கென ஓர் இடம் பிடித்துக்கொள்ள முனையாமல், விருந்தினராக வந்து விருந்தினராகவே மீண்டவர் ஸ்பில்பேர்கன்.

அவருக்குப் பின் வந்த செபால்ட் டி வேர்ட் என்பவருக்கு அந்தப் பக்குவம் வாய்க்கவில்லை. அவருடைய மாலுமிகள் கரைக்கு வந்து மாடுகளைக் கொன்று உணவாக்கினர். ஆவினைத் தெய்வமாகப் போற்றும் நாட்டில் அந்நியர் செய்த இச்செயல் மக்களின் நெஞ்சைப் புண்படுத்திற்று. விலை தந்துவிடுகின்றோம் என்று சொல்லி ஆற்றக்கூடிய புண்ணோ அது? வேறு பல மனக்கசப்புகளும் சேர, 1603இல் மட்டக்களப்பிலே மன்னனோடு நேர்ந்த பிணக்கில் டி வேர்ட் தம் ஆட்கள் பலரோடு கொல்லப்பட்டார். மன்னன் பக்கத்துச் செயலும் கொடியதே. அதனை மறைத்தல் வேண்டா. ஆயினும் வந்த வீட்டின் வழக்கத்தை அறியாத விருந்தினனுக்கு நேரக்கூடிய தீங்கு யாது என்பதற்கு இக்கரையில் எழுதப்பட்ட முதல் அத்தாட்சி இந்நிகழ்ச்சியே.

அடுத்து இங்கே தங்க வந்தவர்கள் நாடு காணவோ வணிகஞ் செய்யவோ வந்தவர் அல்லர். கரையோரத்தை ஆண்ட போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்றான். 1626 அளவில் ஏறத்தாழ 4,000 பேரை அவன் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் எனப் போர்த்துக்கேய வரலாற்று நூல் கூறுகின்றது. அவர்களுக்கு முன்னரும் இங்கே முஸ்லிம் மக்கள் வாழ்ந்தனர், பின்னரும் வந்தனர். வாவிக்கரையிலே தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி அமைந்திருப்பதைக் காண்போர், இடமின்றி வந்தவர்க்கு இடம் கொடுத்த ஒரு காலத்தை அதில் காணலாம்.

1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினர். இதுவும் ஒரு தங்கிடமே. ஆனால் கேட்டுப் பெற்றது அன்று. தீவைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் வெளிப்படை. கடலில் இருந்து முகத்துவாரத்தின் வழியே சிறு மரக்கலங்கள் வந்து சேரலாம். வாவி முழுவதும் செல்லும் தோணிகளைக் கண்ணுக்கு எதிரே வைத்திருக்கலாம். நாற்புறமும் நீர் இருத்தலின் காவலும் எளிது. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் உரிய இடமாக இல்லாமல் இரண்டையும் பார்த்திருக்கும் இடம் அது. உள்ளூரார் அங்கே தம் தலைநகரை அமைக்காமைக்கு என்ன காரணமோ, அதுவே அந்நியர் அங்கே அமைத்தமைக்குக் காரணமாயிற்று எனலாம். வயலும் கோயிலும் உடையவன் அவற்றின் அருகில் வாழ்வான். வயலும் கோயிலும் இல்லாதவன் துறைமுகத்தின் அருகில் வாழ்வான்.

அக்கோட்டை போர்த்துக்கேயரிடம் 10 ஆண்டுகளே நிலைத்தது. 1638 மே 18ஆம் நாள் வெஸ்டர்வோல்ட் என்னும் ஒல்லாந்தத் தளபதியும் இரண்டாம் இராஜசிங்க மன்னனின் படையும் சேர்ந்து அதனைக் கைப்பற்றின. ஐந்து நாட்களின் பின், மே 23ஆம் நாள், மட்டக்களப்பிலேயே மன்னனுக்கும் ஒல்லாந்தருக்கும் உடன்படிக்கை எழுதப்பட்டது. போர்த்துக்கேயரை வெளியேற்ற அழைத்து வரப்பட்டவர்கள் பின்னர் தாமே கரையோரத்தின் உடைமையாளர் ஆயினர். விருந்தினன் எப்போது வீட்டுக்காரனாகின்றான் என்பதை உடன்படிக்கையின் வாசகத்தில் தேடிப் பயன் இல்லை. அடுத்து வந்த ஆண்டுகளில்தான் தேடுதல் வேண்டும்.

அதன் பின்னர் ஊர் கோட்டையைச் சுற்றி வளர்ந்தது. தீவுக்கு எதிரே உள்ள நிலமுனை கோட்டைமுனை என்று பெயர் பெற்றது. தொன்று தொட்டு அங்கே கிடந்த நிலம், நேற்று வந்த கோட்டையைச் சுட்டித் தன் பெயரைப் பெற்றுக்கொண்டது. 1795இல் ஆங்கிலேயர் வந்தபோது அவர்களும் அதே கோட்டையில் அமர்ந்தனர். கச்சேரி கோட்டைக்குள் அமைந்து, பல தலைமுறைக் காலம் அங்கேயே இயங்கிற்று. நீதிமன்றும் கடைத்தெருவும் துறையும் அதனை அடுத்து நின்றன. காணி உறுதிக்கும் வரிக்கும் வழக்குக்கும் படுவான்கரை உழவன் தோணி ஏறிப் புளியந்தீவுக்கு வரலானான். நடு என்பது இவ்வாறு பிறந்தது.

1814இல் மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ற் மட்டக்களப்பை அடைந்தார். இலங்கைக்கு வரும் கடற்பயணத்திலேயே மனைவியை இழந்தவர் அவர். புளியந்தீவில் இருந்துகொண்டு பாடசாலை தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அவ்வாண்டையே தன் தோற்ற ஆண்டாகக் கொள்கின்றது. எட்டு மாதம் செல்லுமுன், 1815 ஏப்ரலில், நோயுற்று இறந்தார். வாவிக்கரையில் அவருக்குச் சிலை ஒன்று நிற்கின்றது. ஊர் நடுவில் இடம் தேடி வந்தவர்களுள் அந்த இடத்தை விட்டு மீளாமற் போனவர் அவர். ஆனால் கோட்டை கட்டியோருக்குச் சிலை வைக்காத ஊர் பள்ளிக்கூடம் கட்டியவருக்கு வைத்திருக்கின்றது.

1848 செப்ரெம்பரில் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ற் இங்கே வந்தார். வாவியின் அடியில் இருந்து இசை எழுகின்றது என்ற செய்தியைக் கேட்டு, நிலவு எழுந்த பின் மீனவரோடு படகேறிச் சென்றார். கோட்டை வாயிலின் துறையில் இருந்து இருநூறு யார் அளவு வடகிழக்கே சென்றதும் அவ்வோசை கேட்டதாக எழுதி வைத்திருக்கின்றார். அவருடைய குறிப்பில் கோட்டைக்கு எதிரே உள்ள ஓடத்துறையும் பேசப்படுகின்றது. ஊரின் நடுவில் தங்கியமையின் பயனை அவர் முழுமையாகப் பெற்றார் என்றே சொல்லுதல் வேண்டும். வாசலில் இறங்கிப் படகேறினால் பாடும் மீன்.

டெனன்ற் போன்ற உயர் அதிகாரிக்கு இருப்பிடம் தேடும் தொல்லை இல்லை. ஏனைய பயணிகளுக்கு எழுந்ததே வாடிவீடு. ஒல்லாந்தர் காலத்தில் வேரூன்றி ஆங்கிலேயர் காலத்தில் பெருந்தெருக்கள்தோறும் பரவிய ஏற்பாடு இது. வண்டிப் பயணத்துக்கு ஏற்ற தொலைவுகளில், பெரும்பாலும் அவ்வூரின் மிக நல்ல காட்சி தெரியும் மேட்டிலோ நீர்க்கரையிலோ, வாடிவீடுகள் அமைந்தன. நீண்ட விறாந்தை, சாய்வு நாற்காலி, உயர்ந்த கூரை, கோழிக்கறியும் சோறும் ஆக்கித் தரும் ஒரு பொறுப்பாளர், விலைப்பட்டியல், வந்து போவோர் பெயரெழுதும் புத்தகம்: இலங்கையில் எந்த மூலைக்குச் சென்றாலும் இவை மாறா. மட்டக்களப்பு வாடிவீடும் புளியந்தீவிலே, கோட்டைக்கு அணித்தாக, வாவியை நோக்கி அமைந்தது. கச்சேரிக்கு நடந்து போகலாம். துறைக்கு நடந்து போகலாம். மாலையில் விறாந்தையில் இருந்தவாறே மீனவர் வலை வீசுவதைக் காணலாம்.

வாடிவீட்டின் சிறப்பை அறிய விரும்புவோர் தெற்கே வெலிகமைக்குச் செல்லுதல் வேண்டும். ஜேர்மானிய உயிரியல் அறிஞர் ஏர்ண்ஸ்ட் ஹெக்கல் 1881 இறுதியில் அங்கே வந்து, கடல்வாழ் உயிர்களை ஆராய்வதற்காக ஏறத்தாழ ஆறு கிழமைகள் வாடிவீட்டிலேயே தங்கினார். இரண்டொரு நாள் வழிப்போக்கருக்கென அமைந்த இடத்தில் இத்துணைக் காலம் தங்குவதற்கு அரசாங்கத்தின் தனி இசைவு வேண்டியிருந்தது. வாடிவீட்டுப் பொறுப்பாளரின் முகத்தோற்றம் கிரேக்க ஞானியின் சிலையை நினைவூட்டியமையால், அம்முதியவருக்குச் சோக்கிரதீசு என்றே பெயரிட்டு அழைத்தார். முதியவருடைய சொந்தப் பெயரைச் சொல்லப் பழகுவது கடல் உயிர்களின் இலத்தீன் பெயர்களை மனங்கொள்வதிலும் கடினமாயிருந்தது போலும்.

இத்துணை நல்ல ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. அது யாருக்காக அமைந்ததோ அவர்களுக்கு மட்டுமே நல்லது. அரசாங்க அலுவலின் பேரில் வருவோருக்கு முதலிடம்; அவருக்கு அடுத்தபடி ஐரோப்பியப் பயணிகளும் கைப்பொருள் உடையவரும். வழக்குக்காக வந்த வெல்லாவெளி உழவன் அந்த விறாந்தையில் ஏறியிருக்கமாட்டான். அவ்விறாந்தை ஊரின் நடுவிலேதான் இருந்தது. ஆனால் ஊராருக்கு அது எட்டாத் தொலைவில் இருந்தது. நடு என்னும் சொல்லை நாம் நிலப்படத்தை வைத்துக்கொண்டு வழங்குகின்றோம். தங்கிடத்தின் நடுவை நிலப்படம் காட்டுவதில்லை. யார் வாசற்படி ஏறலாம் என்பதே காட்டும்.

அப்படியாயின் அவ்வுழவன் எங்கே தங்கினான்? இங்கேதான் மட்டக்களப்பு நாட்டின் தனிவழக்கு ஒன்று துணை நிற்கின்றது. இந்நாட்டில் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடிமுறை உண்டு. அயலூரில் இருந்து வந்தவரிடம், நீர் எந்தக் குடி என்று கேட்பது பழைய வழக்கம். விடை கிடைத்ததும் அவர் யாருடைய வீட்டுக்கு உரியவர் என்பது தெளிந்துவிடும். பிறந்த ஊர் வேறாயினும் அதே குடியைச் சேர்ந்தவர் இவ்வூரிலும் இருப்பர். வந்தவர் அவர்களுக்கு அண்ணன், தம்பி அல்லது மாமன் முறை ஆகிவிடுவார். முன்பின் காணாதவர்கூட ஒரு வினாவினால் உறவினர் ஆவார்.

வீடும் இங்கே பெண்ணுக்கு உரியது. மகளுக்கு வீடு கொடுத்து மணஞ் செய்விப்பர். மணமகன்தான் மனைவியின் வீட்டுக்குக் குடி வருகின்றான். இந்நாட்டில் ஒவ்வொரு கணவனும் ஒரு காலத்தில் விருந்தினனாய் வாசற்படி ஏறியவனே என்று வேடிக்கையாகச் சொல்லலாம். முக்குவர் சட்டம் எனப்பட்ட வழக்குரிமை 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு நீதிமன்றில் செல்லாக் காசாயிற்று. எனினும் பெண்ணுக்கு வீடு என்னும் வழக்கம் மறையவில்லை. ஆதலின் வழிப்போக்கனுக்குத் திண்ணை தருவதா இல்லையா என்று முடிவு செய்தவள் வீட்டுக்காரியே. பாயும் தண்ணீர்ச் செம்பும் வெளியே வந்தால் இசைவு என்று பொருள். வயற்பக்கத்துப் பெரிய போடியார்களின் வளவுகளிலோ விளைச்சல் காலத்தில் வந்தவருக்கெல்லாம் உலை கொதித்தது. முஸ்லிம் வணிகருக்கு ஊர்தோறும் பள்ளிவாசல் உண்டு. கைகால் கழுவ நீரும் தலைசாய்க்க இடமும் அங்கே கிடைக்கும். குடியும் உறவும் சொல்ல இயலாதவன் நிலைதான் கடினம். அவனுக்குக் கடைத்தெரு வாசலோ மரநிழலோ என்றாகும். குடிமுறையின் குளிர்ச்சியைப் பாராட்டுவோர் அதன் வெளியே நின்றவனையும் மறத்தல் ஆகாது.

புறஞ்சேரி துறவிக்கு என்னும் பழைய வரம்பை இங்கே காப்பாற்றி வந்தோர் கதிர்காம யாத்திரிகர். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, முல்லைத்தீவும் திருகோணமலையும் கடந்து, வெருகலைத் தாண்டிக் கால்நடையாக வரும் அடியார் கூட்டம் மட்டக்களப்பு நாட்டில் நுழைந்ததும் சித்தாண்டி முருகன் கோயிலையும், பின்னர் அமிர்தகழி மாமாங்கேசுவரர் கோயிலையும் அடையும். அங்கிருந்து மண்டூர், திருக்கோவில், பொத்துவில், உகந்தை, அப்பால் காடு, காட்டுக்கு அப்பால் கதிர்காமம். கோயில் வீதியும் மடமும் தீர்த்தக் கரையுமே இவர்களுக்கு இரவுத் தங்கிடங்கள். நகருக்குப் புறத்தே அமைந்த மாமாங்கத்தில் தங்குபவர்க்குப் புளியந்தீவின் கடைத்தெரு வேண்டுவது இல்லை. அவர்களுடைய ஊருக்கு நடு கோயிலே. வழியோரத்துக் கிராமத்தார் தண்ணீர்ப் பந்தல் அமைத்து மோரும் கஞ்சியும் தருவர். எழுவான்கரையில் குருக்கள்மடம் என்னும் ஊர் இன்றும் தன் பெயரில் ஒரு மடத்தைச் சுமந்துகொண்டு நிற்கின்றது.

இங்கிருந்து கடல் கடந்து சென்றோரும் இதே வினாவோடுதான் சென்றனர். காசிக்குப் போன தமிழ் யாத்திரிகருக்கு மொழியும் உணவும் அந்நியம். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் அங்கே கேதார கட்டத்தை அடுத்து மடம் அமைத்தார். 1863இல் நாட்டுக்கோட்டை நகரத்தார் காசியில் சத்திரம் நிறுவினர். அதன் இருப்பிடத்தைக் கவனித்தல் வேண்டும். நகரின் நெருக்கமான நடுப்பகுதியில், விசுவநாதர் சந்நிதிக்கும் கங்கைக்கும் நடந்து செல்லும் தொலைவில் அது அமைந்துள்ளது. விசுவநாதர் பூசைக்கு வேண்டும் பொருள்கள் நாள்தோறும் அச்சத்திரத்தில் இருந்தே ஊர்வலமாகச் செல்கின்றன. வட்டிக்கணக்கில் வல்லவர்களான நகரத்தார் யாத்திரிகனின் கால்வலியையும் கணக்கிட்டிருந்தனர். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியைச் சேர்ந்த ஞானப்பிரகாசர் போர்த்துக்கேயர் காலத்தில் நாடு நீங்கிச் சிதம்பரத்தில் வாழ்ந்து, அங்கே திருக்குளம் ஒன்று அமைத்தார். இன்றும் அது அவர் பெயரால் வழங்குகின்றது. வாடிவீடு கட்டியவர் தம்மவர் அதிகாரத்துக்காகக் கட்டினர். சத்திரம் கட்டியவர் தம்மவர் தனிமைக்காகக் கட்டினர்.

மீண்டும் வாவிக்கரைக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், லேடி ஹவ்லொக், லேடி கோடன் என்னும் நீராவிக் கப்பல்கள் இலங்கையைச் சுற்றி வந்து மட்டக்களப்புக்கு வெளியே நங்கூரமிட்டன. முகத்துவாரத்து மணல் மேட்டைப் பெரிய கப்பல் கடத்தல் இயலாது. பயணிகள் படகில் இறங்கி அலையோடு போராடி வாவிக்குள் புகுந்து கோட்டைத் துறையில் கரையேறினர். கரையேறிய இடமே ஊரின் நடுவாதலின் தங்கிடம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

1928ஆம் ஆண்டு இந்நிலையைப் புரட்டிற்று. அவ்வாண்டு புகையிரதம் மட்டக்களப்பை அடைந்தது. ஆனால் நிலையம் தீவில் அன்று; கோட்டைமுனைப் பக்கத்தில் அமைந்தது. அக்காலத்தை ஒட்டியே கல்லடியில் வாவியின் மேல் இரும்புப் பாலம் திறக்கப்பட்டு, தேசாதிபதி மனிங்கின் மனைவியார் பெயரைப் பெற்றது. அதுவரை ஓடத்தை நம்பியிருந்த எழுவான்கரை மக்கள் நடந்தும் வண்டியிலும் நகருக்கு வரலாயினர். அன்று காலை வந்து அன்று மாலை வீடு திரும்பலாம் என்றானதும் திண்ணைக்கு வேலை குறைந்தது. இரவில் வந்து சேரும் புகையிரதப் பயணிகளுக்கோ நிலையத்தின் அருகிலேயே இடம் வேண்டியிருந்தது. நடு என்பது மெல்லத் தீவை விட்டு நீரைக் கடந்து கோட்டைமுனைக்குப் படரலாயிற்று. அடுத்த ஆண்டு, 1929இல், கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தர் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். காரைதீவில் பிறந்த அவர் ஊரின் நெருக்கத்தை விட்டுப் பாலத்துக்கு அப்பால் இடம் தேர்ந்தார். தொலைவூர் மாணவர்க்குத் தங்குமிடம் தந்த பணியும் அவ்விடத்தோடு சேர்ந்தது.

பின்னர் வந்த காலத்தில் தங்கிடம் என்னும் சொல் வேறு பொருளும் கொண்டது. 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி கூரையுள்ள வீடுகளைக் கூரையற்றவை ஆக்கிற்று. 1983 தொடக்கம் 2009 வரை நீடித்த போரின்போது, வெளியூரார் வந்து தங்குவதை விட, உள்ளூரார் ஊர் விட்டு ஊர் சென்று தங்குவதே பெருவழக்காயிற்று. 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடிக் கரையையும் அழித்தபோது, உயிர் தப்பியோர் ஓடி நுழைந்த இடங்கள் பள்ளிக்கூடங்கள். வாங்குகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு வகுப்பறைத் தரையில் குடும்பம் குடும்பமாகப் படுத்தனர். கரும்பலகையில் பாடத்துக்குப் பதில் குடும்பங்களின் பெயர்ப் பட்டியல் எழுதப்பட்டது. பள்ளிக்கூடம் ஒவ்வோர் ஊரின் நடுவிலும் இருப்பது பாடம் நடத்த மட்டும் பயன்படுவது அன்று என்பதை அந்த நாட்கள் காட்டின.

அவ்வழிவின் பின் உதவி நிறுவனங்களைச் சேர்ந்த அயல்நாட்டார் பலர் வந்தனர். 1628இற் போலவே அவர்களுக்கும் நகரின் நடுவே இடம் வேண்டியிருந்தது. ஆனால் இம்முறை வாடகை கொடுத்துப் பெற்றனர். வசதியான வீடுகளின் வாடகை உயர்ந்தது. வீட்டுக்காரர் மகிழ்ந்தனர், வாடகைக்கு வீடு தேடிய ஆசிரியரும் எழுதுவினைஞரும் நகரின் ஓரத்துக்கு நகர்ந்தனர். துயர் துடைக்க வந்தவரைக் குறை கூறுதல் முறையன்று. ஆயினும் நடுவில் ஒருவருக்கு இடம் கிடைக்கும்போது அங்கிருந்து ஒருவர் எழுந்திருக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

போர் ஓய்ந்தபின் உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கினர். வடக்கே பாசிக்குடாவில் பெரிய விடுதிகள் எழுந்தன. மட்டக்களப்பு நகரிலோ பெரும்பாலும் குடும்பங்கள் தம் வீட்டின் இரண்டு மூன்று அறைகளை ஒழுங்கு செய்து விருந்தினர்க்குத் தருகின்றன. காலையில் பிட்டும் மீன்குழம்பும் வீட்டு அடுப்பில் இருந்தே வருகின்றன. வீட்டுக்காரியின் இசைவோடு பாயும் செம்பும் வெளியே வந்த பழைய வழக்கத்துக்கு இதனை நெருங்கிய உறவு என்று சொன்னால் மிகையாகாது. வித்தியாசம், குடி எது என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

கல்லடியில் 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டபின் வாகனங்கள் அதன்மேல் செல்கின்றன. பழைய இரும்புப் பாலம் அருகிலேயே நிற்கின்றது. 1950களில் யேசுசபைத் துறவியார் ஒருவர் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பாடும் மீனின் ஓசையைப் பதிவு செய்ய, இலங்கை வானொலி அதனை வீடுகளுக்கு எடுத்துச் சென்றது. இன்று நகர் நடுவே தங்கியிருக்கும் வெளிநாட்டார் சிலர், நிலவு எழுந்ததும் பழைய பாலத்துக்கு நடந்து சென்று கைபிடிக் கம்பியில் சாய்ந்து நிற்கின்றனர். தோணிக்காரர் யாரேனும் அப்பக்கம் வந்தால் கூலி பேசி ஏறிக்கொள்கின்றனர். நடு வாவியில் தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கேட்குமாறு அவர் சொல்லித் தருகின்றார்.